கோதுமை இலை: நிமிர்ந்தது நல்லதா, சாய்ந்தது நல்லதா?

வெயிலைப் பிடிப்பதில் யார் கெட்டி என்று மட்டும் கேட்டால், சாய்ந்த இலைக் கோதுமைதான். பயிருக்குள் வெளிச்சம் எப்படிக் குறைகிறது என்று கணக்கிட 1953-இல் ஜப்பானிய அறிவியலாளர்கள் மோன்சியும் சயேகியும் வகுத்த சூத்திரத்தில், வெளிச்சம் மங்கும் அளவைச் சாய்ந்த இலைக்கு 0.8, நிமிர்ந்த இலைக்கு 0.4 என்று வைத்துப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு சதுர மீட்டர் இலையே இருக்கும் இளம் பயிரில், சாய்ந்த இலை 55 சதவீத வெளிச்சத்தைப் பிடிக்கும். நிமிர்ந்தது 33 சதவீதம்தான். இலைப்பரப்பு ஐந்து மடங்கானால் 98-க்கு 86. அப்போதும் சாய்ந்ததுதான் முன்னால்.

சரி, அப்படியானால் நல்ல விளைச்சல் தரும் ரகங்கள் பலவற்றில் ஏன் இலை விறைப்பாக நிற்கிறது?

பிடித்த வெயிலையெல்லாம் இலையால் சர்க்கரையாக்க முடியாது என்பதுதான் காரணம். முழு வெயிலில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் பாதி கிடைத்தாலே கோதுமை இலைக்கு வயிறு நிறைந்துவிடும். மல்லாந்து கிடக்கும் உச்சி இலை மதிய வெயில் முழுவதையும் வாங்கி, பெரும்பகுதியை வீணாக்குகிறது. கீழ் இலைகள் நிழலில் பட்டினி கிடக்கின்றன. பந்தியில் முதல் இலைக்கே சோற்றுக் குண்டானைக் கவிழ்த்த மாதிரி. அதே இலை 70 டிகிரி நிமிர்ந்து நின்றால், நேர் உச்சி வெயிலில் அதன் பரப்புக்கு மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். மீதி கீழே இறங்கி அடுத்த இலைகளுக்குப் போகும். காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்திருக்கும்போது நிமிர்ந்த இலைதான் அதை நேராக எதிர்கொள்கிறது. மேகமூட்டமான ஊர்களில் மட்டும் இந்த லாபம் குறைவு. அங்கே மேல் இலைக்கே வெயில் மிஞ்சுவதில்லை.

ஆஸ்திரேலியப் பயிர் அறிவியலாளர் டொனால்டு 1968-இல் வரைந்து காட்டிய லட்சியக் கோதுமையில் குட்டையான தண்டு, சிறிய நிமிர்ந்த இலைகள், ஒரே தாள் (பக்கத் தண்டுகள் கிளைக்காத ஒற்றைத் தண்டு). பக்கத்துச் செடியோடு மல்லுக்கட்டாத செடி வேண்டும் என்றார். படர்ந்து அண்டைச் செடியை அமுக்குவது தனிச்செடியாக ஜெயிக்கும், வயல் தோற்கும். ஒற்றைத் தாள் கோதுமை விவசாயிகளிடம் எடுபடவில்லை. ஆனால் அந்த வாதம் எனக்கு இன்றும் சரியாகத்தான் படுகிறது.

ஒரு சிக்கல் உண்டு. மல்லுக்கட்டாத பயிர் களையிடமும் மல்லுக்கட்டாது. பஞ்சாப், ஹரியானா வயல்களில் குல்லி டண்டா என்ற களை இளம் பருவத்தில் கோதுமை மாதிரியே இருக்கும்; 1990-களில் ஐசோபுரோட்யூரான் மருந்துக்கும் அது அசையாமல் நின்றது. அங்கே, முதல் சில வாரங்களில் தரையை மூடும் அகன்ற, சாய்ந்த இலைக்குத்தான் என் ஓட்டு. தென் ஆஸ்திரேலியாவின் மானாவாரி நிலத்திலும் அப்படியே: சீக்கிரம் நிழல் விழுந்தால் மண்ணின் ஈரம் ஆவியாவது குறையும்.

பாசன வசதி, நெருக்கமான பயிர், தாராளமான உரம், களை கட்டுக்குள் இருக்கும் வயல் என்றால் தயங்காமல் நிமிர்ந்த இலை. இரண்டும் வேண்டும் என்றால், தூர் கட்டும்போது, அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் கிளைக்கும்போது, படிந்து கிடந்து, தண்டு நீண்டபின் கதிருக்குக் கீழே உள்ள கடைசி இலையான கண்ணாடி இலையை விறைப்பாக நிறுத்தும் ரகம் தேட வேண்டும். அது கிடைக்காதவர்கள் நிமிர்ந்த இலை ரகத்தையே 22.5 செ.மீ. வரிசைக்குப் பதில் 15 செ.மீ. வரிசையில் விதைக்கலாம், ஆரம்ப நிழலில் கொஞ்சமாவது அப்படிக் கிடைத்துவிடும்.