டி7200 வச்சிருக்கவங்க இசட்5-க்கு மாறணுமா?

லேண்ட்ஸ்கேப் மட்டும்தான் எடுக்கிறீங்க, கையில ஒரு நிக்கான் டி7200 நல்ல நிலைமையில இருக்குன்னா, மாற வேணாம். டி7200-ல இருக்கிறது சின்ன சென்சார் (டிஎக்ஸ்), நிக்கானோட மிரர்லெஸ் கேமரா இசட்5-ல இருக்கிறது பெரிய சென்சார் (ஃபுல் ஃபிரேம்). இசட்5-அ வாடகைக்கு எடுத்து பினாங்கு ஃபுல்லா சுத்திட்டுதான் சொல்றேன்.

ஜெலுத்தோங் கடலோரத்துல விடியக்காலையில ட்ரைபாட் போட்டு, முதல் பாலத்த ரெண்டு கேமராலயும் எடுத்தேன், ரெண்டுக்கும் ஒரே செட்டிங், ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான சென்சிட்டிவிட்டி) 100, எஃப் 8 (லென்ஸ் துளை அளவு). வீட்டுக்கு வந்து ரா ஃபைல (சுருக்காத மூலப் படத்த) திறந்து நிழல் பகுதிய நல்லா தூக்கிப் பார்த்தா எது எதுன்னே சொல்ல முடியல. ரெண்டுமே 24 மெகாபிக்சல்தானே, 20 இன்ச் அகலத்துக்கு பிரிண்ட் போட ரெண்டும் தாராளமா போதும். ஃபுல் ஃபிரேமோட பலமே வெளிச்சம் கம்மியா இருக்கப்ப ஐஎஸ்ஓ ஏத்துனாதான் தெரியும், அதுவும் ஏறக்குறைய ஒரு ஸ்டாப் (ரெண்டு மடங்கு வெளிச்சம்) அளவுதான். ட்ரைபாட்ல ஷட்டர வேணுங்கிற நேரம் திறந்து வைக்கிறவங்களுக்கு அது எதுக்கு?

இசட்5 ஜெயிச்ச இடமும் இருக்கு. டி7200 ஸ்கிரீன் அசையாது, பாலிக் பூலாவ் வயல் வரப்புல தாழ்வா வச்சு எடுக்கணும்னா சேத்துல படுக்கணும். இசட்5-ல ஸ்கிரீன சாய்ச்சா போதும், குந்திக்கிட்டே எடுக்கலாம். அப்புறம் சியூ ஜெட்டி. அங்க பலகை மேல யாராவது நடந்தாலே ட்ரைபாட் ஆடும், அந்த இடத்துல கேமரா உள்ளுக்குள்ள இருக்கிற, கை நடுக்கத்த சமாளிக்கிற ஸ்டெபிலைசேஷன நம்பி கையிலயே பிடிச்சு எடுத்தது ரொம்ப நல்லா வந்துச்சு, உண்மையிலயே அசந்துட்டேன். வியூஃபைண்டர்லயே ஹிஸ்டோகிராம் (படத்தோட வெளிச்ச அளவ காட்டுற வரைபடம்) தெரியறதும் பெரிய வசதி, மேகம் வெளுத்துப் போகுதான்னு எடுக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்.

ஆனா செலவு பாடியோட நிக்காது, இத யாரும் கடையில சொல்றதில்ல. சின்ன சென்சாருக்குன்னு செஞ்ச உங்க டிஎக்ஸ் லென்ஸ, பழைய லென்ஸ இசட்5-ல பொருத்துற எஃப்டிஇசட் அடாப்டர்ல மாட்டுனா படம் 10 மெகாபிக்சலா சுருங்கிடும், அதாவது காசு குடுத்து இருக்கிறத விட கம்மியா வாங்குற மாதிரி. உள்ள ஃபோக்கஸ் மோட்டார் இல்லாத பழைய லென்ஸ் இருந்தா டி7200 ஓட்டும், இந்த அடாப்டர்ல ஆட்டோ ஃபோக்கஸ் வராது. சரி இசட்5-க்குன்னே புதுசா 14-30 எஃப்4 வைட் லென்ஸ் வாங்கலாம்னா, நல்ல லென்ஸ்தான், ஆனா அதுக்கு 82 எம்எம் ஃபில்டர் வேணும். டி7200-ல போடுற டோக்கினா 11-16 லென்ஸுக்கு வாங்கி வச்ச 77 எம்எம் சிபிஎல் (பளபளப்ப வெட்டுற ஃபில்டர்), என்டி (வெளிச்சத்த குறைக்கிற ஃபில்டர்) எல்லாம் அதுல மாட்டாது, அதையும் திரும்ப வாங்கணும். எவ்வளவு வெள்ளி ஆகும்னு நீங்களே கூட்டிப் பாருங்க. எடை குறையும்னு சொல்வாங்க, பேட்டரியோட 765 கிராமுக்கு பதிலா 675, மூக்கா ஹெட் கலங்கரை விளக்கம் வரைக்கும் காட்டுல நடக்கிறவனுக்கு அந்த 90 கிராம் ஒரு பொருட்டே இல்ல, ட்ரைபாட் கனம்தான் தோள அழுத்தும்.

அந்த காசுல முதல்ல ஒரு நல்ல சிபிஎல் வாங்குங்க. கொடிமலைல மழை விட்டதும் இலையெல்லாம் பளபளன்னு வெள்ளையா மின்னும், அத வெட்டி பச்சைய வெளிய கொண்டு வர்றது சிபிஎல்தான், சென்சார் இல்ல. அப்புறம் செக்கன்ட் ஹேண்ட்ல ஒரு வைட் லென்ஸ், வாங்கறப்ப டார்ச் அடிச்சு உள்ள பூஞ்சை இருக்கான்னு கட்டாயம் பாருங்க, நம்ம ஊர் ஈரத்துக்கு டிரை பாக்ஸ் இல்லாத லென்ஸ் தாங்காது.

தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை பக்கம் ராத்திரி ரதம் எடுக்கிறவங்க, கல்யாணம் எடுக்கிறவங்களுக்கு கதை வேற, ஐஎஸ்ஓ 6400-ல இசட்5 நல்லாவே முந்துது, அவங்க தாராளமா மாறலாம்.

நீங்களும் வாடகைக்கு எடுத்துப் பார்க்கப் போறீங்கன்னா அடாப்டரையும் சேர்த்துக் கேளுங்க லா, பாடியோட தானா வரும்னு நினைக்காதீங்க.