ஆளுக்கொரு மடிக்கணினியா, ஊருக்கொரு மையமா, கையிலிருக்கும் தொலைபேசியா?

ஏழை நாடுகளின் வளர்ச்சிக்குத் தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்தை எந்த வழியில் பயன்படுத்தலாம் என்ற பேச்சு எழுந்தால், கருவியின் விலையை வைத்தே பெரும்பாலும் ஒப்பீடு நடக்கிறது. இந்த அளவுகோல் சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. கருவியை ஒருமுறை வாங்கினால் போதும். அதற்குப் பிறகு வரும் செலவுகளுக்கும் சிக்கல்களுக்கும்தான் முடிவே கிடையாது. பழுதானால் யார் சரிசெய்வார், எழுதப் படிக்கத் தெரியாதவர் எப்படிப் பயன்படுத்துவார், கருவிக்கும் மக்களுக்கும் நடுவில் நின்று உதவ யார் இருக்கிறார், நன்கொடை நின்றபின் செலவை யார் ஏற்பார் என்ற நான்கு கேள்விகளையும் ஒவ்வொரு வழியிடமும் கேட்டுப் பார்த்தால் கிடைக்கும் வரிசை வேறாக இருக்கிறது.

முதலில் மடிக்கணினி. 'ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' என்ற திட்டத்தை அமெரிக்கக் கணினி அறிஞர் நிக்கோலஸ் நெக்ரோபோன்டே 2005இல் அறிவித்தபோது, அதன் விலை 100 டாலராக இருக்கும் என்றார். கைக்கு வந்தபோது அது 200 டாலரை நெருங்கியிருந்தது. பச்சையும் வெள்ளையுமாக, தூசியும் ஈரமும் புகாத ரப்பர் விசைப்பலகையோடு, வெயிலிலும் படிக்கக்கூடிய திரையோடு வந்த அந்தக் கணினி, கருவி என்ற அளவில் அருமையான படைப்பு. பெரு நாடு 8 லட்சத்துக்கும் மேல் வாங்கிப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. அங்கே 319 கிராமப்புறப் பள்ளிகளை ஆராய்ந்து அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கி 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 15 மாதங்களுக்குப் பிறகும் கணிதத்திலோ மொழிப்பாடத்திலோ முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை. பொதுவான சிந்தனைத் திறனில் மட்டும் ஓரளவு பயன் தெரிந்தது. பெரும்பாலான பள்ளிகளுக்கு இணைய இணைப்பே இல்லை. கணினியைப் பாடத்தோடு எப்படி இணைப்பது என்று ஆசிரியர்களுக்குக் காட்டிக்கொடுக்கவும் போதிய ஏற்பாடு இல்லை.

உருகுவே இதே கணினியை 2007 முதல் வழங்கியபோது, இணைப்பையும் பழுதுபார்ப்பையும் சேர்த்தே திட்டமிட்டு, 2009க்குள் அரசுத் தொடக்கப்பள்ளி மாணவர் அனைவருக்கும் கொண்டுசேர்த்தது. ஏழை வீடுகளுக்கும் வசதியான வீடுகளுக்கும் இடையே கணினி வைத்திருப்பதில் இருந்த இடைவெளி அங்கே வெகுவாகக் குறைந்தது. ஆனால், தொடக்க ஆண்டுகளை ஆராய்ந்தவர்கள் அங்கேயும் வாசிப்பிலோ கணிதத்திலோ மதிப்பெண் உயரவில்லை என்றே கண்டார்கள். உருகுவே ஏழை நாடும் அல்ல. அங்கே இருந்த பின்புல வசதி பெரும்பாலான ஏழை நாடுகளில் கிடையாது. ஆகவே நான்கு கேள்விகளிலும் இந்த வழி பின்தங்கிவிடுகிறது.

அடுத்தது ஊருக்கொரு மையம். எம். எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் 1998இல் புதுச்சேரிப் பகுதியில் தொடங்கிய கிராம அறிவு மையங்களை இங்கே சற்று நெருங்கிப் பார்ப்பது பயன்தரும். வில்லியனூரில் நடுவம், மற்ற ஊர்களில் சிறு மையங்கள். தொலைபேசி இணைப்பு நம்பத்தக்கதாக இல்லாததால் வானொலி அலைவழியாகத் தகவல் அனுப்பினார்கள்; மின்வெட்டுக்கு மாற்றாகச் சூரிய ஒளி மின்சாரத்தை வைத்துக்கொண்டார்கள். இடத்தை ஊரார் கொடுக்க வேண்டும், சாதி வேறுபாடின்றி எவரும் உள்ளே வர வேண்டும் என்பவை நிபந்தனைகள். வீராம்பட்டினம் என்ற மீனவ ஊரில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பை எடுத்து, தமிழில் ஒலிப்பதிவு செய்து, ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்கச் செய்தார்கள். வலையோடு படகை நோக்கி நடக்கும் மீனவருக்குக் கணினியைத் தொடவேண்டிய தேவையும் இல்லை, எழுத்தறிவும் தேவையில்லை. 2004 ஆழிப்பேரலையின்போது நல்லவாடு என்ற இன்னொரு மீனவ ஊரில் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தொலைபேசி எச்சரிக்கையை மையத்தின் ஒலிபெருக்கி வழியே அறிவிக்க, ஊர் மக்கள் கரையைவிட்டு ஓடித் தப்பினார்கள்.

மையத்தின் பலவீனம் நான்காவது கேள்வியில் இருக்கிறது. அறைக்குள் உட்கார்ந்து தகவலைத் தேடி எடுத்து மொழிபெயர்க்கும் ஆளுக்கு மாதாமாதம் யார் சம்பளம் கொடுப்பது? கட்டணம் வசூலித்துத் தன் காலில் நிற்கும் என்று கணக்குப் போட்டுத் திறக்கப்பட்ட மையங்கள் பல நாடுகளிலும் நிதி நின்றதும் மூடப்பட்டன. நூலகத்துக்கும் சுகாதார நிலையத்துக்கும் இலாபக் கணக்குப் பார்க்காத அரசுகள் இதற்கு மட்டும் ஏன் பார்க்கவேண்டும் என்பது எனக்கு இன்றும் புரியவில்லை.

மூன்றாவது வழி, மக்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் சாதாரணத் தொலைபேசி. கென்யாவில் 2007 மார்ச்சில் தொடங்கிய, கைபேசி வழியே பணம் அனுப்பும் எம்-பெசா சேவை இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. அதற்கு முன்பு நகரத்தில் வேலை பார்ப்பவர், ஊருக்குப் பணம் அனுப்பப் பேருந்து ஓட்டுநரையோ ஊருக்குப் போகும் உறவினரையோ நம்பவேண்டியிருந்தது. இப்போது முகவரிடம் பணத்தைக் கொடுத்து, இரகசிய எண்ணை அழுத்தினால், அடுத்த நிமிடம் ஊரில் இருப்பவருக்குக் குறுஞ்செய்தி போய்விடும். அங்குள்ள முகவரிடம் அவர் பணமாக வாங்கிக்கொள்வார். இச்சேவையால் கென்யக் குடும்பங்களில் ஏறத்தாழ 2 சதவீதம், அதாவது சுமார் 1,94,000 குடும்பங்கள், வறுமையிலிருந்து மீண்டன என்று பொருளியலாளர்கள் தவ்நீத் சூரியும் வில்லியம் ஜாக்கும் 2016இல் மதிப்பிட்டார்கள்.

விலை அறிவதிலும் இதே கதைதான். வடகேரளக் கடற்கரைக்கு 1997 முதல் 2001 வரை கைபேசி வந்ததை ஆராய்ந்த பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன், அதற்கு முன்பு பிடித்த மத்தியில் 5 முதல் 8 சதவீதம் வாங்க ஆளின்றி வீணானதையும், கடலிலிருந்தே கரைகளுக்கு அழைத்து விலை கேட்கத் தொடங்கியபின் அந்த வீணடிப்பு ஏறத்தாழ மறைந்ததையும் பதிவு செய்தார். மீனவர் இலாபம் 8 சதவீதம் கூடியது. நுகர்வோர் கொடுக்கும் விலை 4 சதவீதம் குறைந்தது. இதற்கென்று எந்தத் திட்டமும் தீட்டப்படவில்லை.

எனினும், தொலைபேசி இருந்தாலே போதும் என்று எண்ணிவிடக்கூடாது. தென்னாப்பிரிக்காவில் 2010இல் தொடங்கிய எம்-பெசா 2016இல் மூடப்பட்டது. அங்கே வங்கிக் கணக்கு வைத்திருந்தோர் ஏற்கெனவே அதிகம், முகவர் வலையோ மெல்லியது. அடிப்படைச் சேவை ஒன்றுதான், நடுவில் நிற்கும் முகவரும் மக்களின் தேவையுமே வேறுபட்டன.

எழுத்தைத் தாண்டிவிடும் குரல்வழிச் சேவைகளை இதே வகையில் சேர்க்கிறேன். மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப அழைத்து, செய்தியைக் கேட்கவும் பதிவு செய்யவும் இடம்தரும் சி.ஜி.நெட் ஸ்வரா 2010இல் சத்தீஸ்கரில் தொடங்கியது. செய்தித்தாள்களில் இடம்பெறாத கோண்டி என்ற பழங்குடி மொழி அதில் ஒலித்தது. இலங்கையின் கொத்மலை சமுதாய வானொலி 1990களின் இறுதியில், நேயர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இணையத்தில் விடை தேடி, துறை அறிந்தவரோடு அதை உள்ளூர் மொழியில் ஒலிபரப்பிலேயே விவாதித்தது. இணையத்தின் பயன் வானொலிப் பெட்டி இருந்த வீடுகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது.

ஸ்மார்ட்போன் செயலிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024 மதிப்பீட்டின்படி, குறைந்த வருவாய் நாடுகளில் இணையம் பயன்படுத்துவோர் 27 சதவீதமே. செயலியை மட்டும் நம்பித் தீட்டும் திட்டம் மீதமுள்ள 73 சதவீதத்தினரைத் தொடக்கத்திலேயே கைவிட்டுவிடுகிறது.

என்னிடம் நிதியை ஒப்படைத்து எதற்குக் கொடுப்பாய் என்று கேட்டால், பணப் பரிமாற்றத்துக்கும் விலைத் தகவலுக்கும் சாதாரணத் தொலைபேசியையும், உடல்நலத்துக்கும் வேளாண்மைக்கும் குரல்வழியையும் வானொலியையும் தேர்ந்தெடுப்பேன். மடிக்கணினிக்கு ஒதுக்கும் தொகையை ஆசிரியர் பயிற்சிக்கு மாற்றுவேன். ஆனால் பல ஊர்களில் வீட்டுத் தொலைபேசி கணவரின் சட்டைப்பையில்தான் இருக்கிறது. அவர் வேலைக்குப் போனால் அதுவும் போய்விடும். மழை எச்சரிக்கையும் தடுப்பூசி நாளும் அவர் திரும்பி வரும்வரை அந்த வீட்டுப் பெண்ணை எட்டாது. அப்படிப்பட்ட ஊர்களில், சம்பளச் செலவு எவ்வளவு ஆனாலும், ஒலிபெருக்கி வைத்த மையத்தையும் அதில் உட்கார உள்ளூர்ப் பெண் ஒருவரையும்தான் முதலில் கேட்பேன்.