பழைய தோட்டத்து வீட்டுக்குப் புதுக் கட்டு: ஒரு கொத்தனார் குழுவின் வேலையைப் பற்றிய மதிப்புரை

காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்குப் போகும் சாலையை விட்டு விலகி, ஒரு கண்மாய்க்கு மேற்கே இருக்கிறது எங்கள் தோட்டத்து வீடு. அப்பத்தாவின் மாமனார் 1936இல் கட்டியது. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் வெளியூர்க்காரர்கள் படம் எடுத்துப் போகும் பெரிய வீடுகளின் வரிசையில் இது சேராது. நெல்லும் நிலக்கடலையும் புளியும் வந்து இறங்குவதற்காகக் கட்டிய வீடு. சித்துக்கல் என்கிற சின்னச் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து எழுப்பிய இரண்டடிக் கனச் சுவர்கள், வைரம் பாய்ந்த பனைமரச் சட்டங்களான பனங்கைகளின் மேல் நாட்டு ஓடு, நடுவில் முற்றம், அதைச் சுற்றி ஐந்து அறைகள். இதற்குள் மூன்று அண்ணன் தம்பிகளின் குடும்பங்களும் அப்பத்தாவுமாகப் பதினாறு பேர் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டு வாழ்கிறோம். பொங்கலுக்கு நாத்தனார்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்துவிட்டால் முப்பது பேருக்கு மேல் ஆகிவிடும், பாதிப் பேர் முற்றத்துத் தாழ்வாரத்தில்தான் படுக்க வேண்டும்.

எனவே வடக்குப் பக்கம் நான்கு அறைகள், ஒரு கூடம், மூன்று குளியலறைகள் என்று 1,180 சதுர அடியில் ஒரு புதுக் கட்டு சேர்த்தோம். வீட்டின் மூத்த மருமகள் என்ற முறையில் வேலையைக் கூடவே நின்று பார்த்துக்கொண்டவள் நான். கட்டி முடித்த சூட்டில் எழுதினால் அது சரியான மதிப்புரையாக இருக்காது என்பதால், ஒரு வடகிழக்குப் பருவமழை முழுதாகப் பெய்து ஓயும் வரை காத்திருந்து இதை எழுதுகிறேன். மேஸ்திரி தம் பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. பக்கத்து ஊர்க்காரர், அவருடன் நான்கு கொத்தனார்களும் ஆறேழு சித்தாள்களும் வேலை செய்தார்கள்.

அவருக்கு முன்னால் இரண்டு பேரைக் கேட்டோம். ஒருவர் வீட்டைச் சுற்றிப் பார்த்த பத்தாவது நிமிடத்திலேயே, "இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதுதான் லாபம்" என்று சொல்லிவிட்டார். மற்றவர் வரைந்து கொடுத்த படத்தில் புதிய கட்டின் உத்தரங்களெல்லாம் பழைய வடக்குச் சுவரின் மேல் உட்கார்ந்திருந்தன. ஒரு சுவர் மிச்சம் என்பது அவருடைய கணக்கு. மூன்றாவதாக வந்த எங்கள் மேஸ்திரி அளவு நாடாவைக்கூட எடுக்கவில்லை. ஒரு சின்ன உளியை வைத்து, பல வருடங்களுக்கு முன் நாங்கள் மேற்குச் சுவரின் வெளிப்பக்கம் பூசியிருந்த சிமெண்டுப் பூச்சை ஓரிடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கொத்தி எடுத்தார். பூச்சு பாளமாக வந்தது. அதன் பின்னால் செங்கல்லின் முகம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, விரலால் தடவினால் மாவாக உதிர்ந்தது. பத்தடி தள்ளி, பழைய சுண்ணாம்புப் பூச்சே இருந்த இடத்தில் கொத்தியபோது கல் முழுசாக, சிவப்பாக இருந்தது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியேறிக் காய்ந்துவிடும் என்றும், சிமெண்டுப் பூச்சு அதை அடைத்துவிடுவதால் ஈரமும் உப்பும் கல்லுக்குள்ளேயே தங்கி அதைத் தின்கின்றன என்றும் விளக்கினார். "செவத்த வேர்க்க விடணும் ஆத்தா, நீங்க ரெயின்கோட்டு மாட்டி வச்சிருக்கீக" என்று அவர் சொன்ன அந்த இடத்திலேயே என் மனது தீர்மானித்துவிட்டது. பழைய வீட்டைத் தெரிந்துகொள்ளாமல் அதன் பக்கத்தில் புதியது கட்ட முடியாது என்று நினைக்கிறவர் அவர் என்பது புரிந்தது.

அவருடைய முதல் நிபந்தனை, புதுக் கட்டு எந்த இடத்திலும் பழைய சுவரைக் கடிக்கக் கூடாது என்பது. பழைய வீடு அமர்ந்து முடிந்த வீடு. புதியது இனிமேல்தான், இரண்டு மூன்று மழை பார்த்து அமரும். இரண்டையும் கல்லுக்குக் கல் கோத்துக் கட்டினால் புதியது இறங்கும்போது பழையதையும் இழுக்கும், விரிசல் இரண்டிலும் விழும். ஆகவே நடுவில் ஆறடி அகலத்தில் ஒரு நடையை விட்டு, அதற்கு அப்பால் புதுக் கட்டின் கடைக்காலைப் போட்டார். நடையின் இரு முனைச் சுவர்களும் பழைய சுவரை நெருங்கும் இடத்தில் ஓர் அங்குல இடைவெளி விட்டு, மேலே ஒரு பட்டிகை வைத்து மூடினார். பழைய வீட்டின் கடைக்கால் மூன்றடி ஆழம்தான் என்பதால், அதன் அருகே கடைக்கால் குழியான வாணம் தோண்டும்போது ஒரே மூச்சாகத் தோண்டாமல், நாலடி தோண்டிக் கட்டி மூடிய பிறகே அடுத்த நாலடிக்குப் போனார்கள். மற்ற இடங்களில் ஐந்தடியில் செம்புறாங்கல் தட்டிவிட்டது. வடகிழக்கு மூலையில் மட்டும் பழைய குப்பைக்குழி ஒன்று மண் மூடிக் கிடந்திருக்கிறது. அது யாருக்கும் நினைவில்லை. அந்த மூலையில் எட்டடி போக வேண்டியதாயிற்று.

பழைய வீட்டிலிருந்து நடைக்கு ஒரு வாசல் திறக்க வேண்டியிருந்தது. இந்த முழு வேலையிலும் நான் அதிகம் பயந்தது அந்தச் சுவரை அறுப்பதற்குத்தான், ஏனென்றால் பனங்கைகளின் பாரமெல்லாம் அதன் தலையில்தான் இருக்கிறது. அவர் முதலில் உள்ளே முட்டுக் கொடுத்து, சுவரின் வெளி முகத்தில், வாசல் மேல்மட்ட உயரத்தில், கனத்தில் பாதி அளவுக்கு மட்டும் ஒரு பள்ளம் வெட்டி, இருபுறமும் முக்கால் அடி ஏறும்படி ஒரு கருங்கல் பலகையைச் செருகினார். பலகைக்கும் மேல்சுவருக்கும் இடையே ஆப்பு இறுக்கி, கெட்டியான சாந்தை ஒரு குச்சியால் குத்திக் குத்தி அடைத்தார். நான்கு நாள் யாரும் அதைத் தொடவில்லை. பிறகுதான் உள் முகத்தில் அதேபோல் இரண்டாவது பலகை ஏறியது. அதற்குப் பின், இயந்திரம் எதுவும் வைக்காமல், சுத்தியும் உளியும் கொண்டு மேலிருந்து கீழாக ஒவ்வொரு கல்லாக எடுத்தார்கள். அந்த அறையின் பூச்சில் ஒரு மயிரிழை விரிசல்கூட விழவில்லை. எடுத்த சித்துக்கற்கள் ஒன்றையும் வீணாக்காமல் அப்பத்தாவின் புதிய அறை வாசலில் ஒரு சிறிய திண்ணை கட்டினார்கள். எண்பது வயதைத் தாண்டிய அப்பத்தா இப்போது காலைக் காப்பியை அதில் உட்கார்ந்துதான் குடிக்கிறார்.

பழைய கூரையின் சரிவும் நடைக் கூரையின் சரிவும் சந்திக்கும் கூடல்வாய்தான் இப்படிப்பட்ட வீடுகளில் முதலில் ஒழுகும் இடம். அங்கே இரண்டடி அகலச் செம்புத் தகடு போட்டார். ஐந்தடிக்கு ஓர் அங்குலம் என்ற வாட்டத்தில், தகட்டின் ஒரு விளிம்பை மட்டும் ஆணி அடித்து, மறு விளிம்பை ஓட்டுக்கு அடியில் சும்மா செருகி விட்டார். இரண்டு கூரைகளும் தனித்தனியாக அசைய வேண்டுமாம். செம்பில் இரும்பு ஆணி பட்டால் ஆணி சீக்கிரம் துருவேறி அற்றுவிடும் என்பதால் செம்பு ஆணியே வாங்கச் சொன்னார். சாதாரணத் தகரத்தைவிடச் செலவு பல மடங்கு. என் மைத்துனர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. ஐப்பசியில் இரவு முழுக்க அடித்த முதல் பெருமழைக்குப் பிறகு அவரே விடியற்காலையில் ஏணி வைத்து ஏறிப் பார்த்துவிட்டு வந்து, "ஒரு பொட்டுக்கூட இல்லை" என்றார்.

புதுக் கட்டின் கூரை கான்கிரீட் தளம்தான். பாத்தி கட்டி 14 நாள் தண்ணீர் நிறுத்தினார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அடித்து இறுக்கிய மூன்றங்குலச் சுருக்கித் தளமும், அதற்கு மேல் தட்டோடும் வந்தன. எங்கள் சித்திரை வெயிலுக்கு இது அவசியம். பழைய கட்டின் ஓட்டுக்கூரைக் குளிர்ச்சி இதில் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மதியம் மூன்று மணிக்கு எல்லோரும் பழைய பக்கத்துக்கே வந்துவிடுகிறோம்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல். அது எப்படித் தயாராகிறது என்று பிள்ளைகளோடு போய்ப் பார்த்தோம். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் உலோகச் சட்டத்தையும் பூ அச்சையும் வைத்து, அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, உலர்ந்த சிமெண்டு மணல் கலவையைத் தூவி, மேலே ஈரச் சாந்தை அப்பி மட்டம் தட்டுகிறார்கள். சூளையில் சுடுவதே இல்லை. காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்துக் கண்ணாடியைப் பிரித்தால், கண்ணாடியின் வழுவழுப்பு கல்லுக்கு வந்திருக்கிறது. எட்டங்குலச் சதுரக் கல்லில் பச்சையும் சிவப்பும் எடுத்தோம். நாங்கள் வாங்கிய பட்டறையில் இரண்டாவது தவணையாக வந்த கற்களில் பச்சை வெளிறிப்போயிருந்தது. கைவேலையில் அப்படித்தான் வரும் என்று சொல்லிவிட்டார்கள். வெளிறியவற்றைச் சாமான் அறைக்குத் தள்ளிவிட்டோம். வாங்க நினைப்பவர்கள் முழுத் தேவையையும், உடைவதற்குக் கொஞ்சம் கூடவே சேர்த்து, ஒரே தவணையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேஸ்திரி தரை மண்ணைத் திம்மிசு போட்டு இடித்து, தண்ணீர் விட்டு, ஒரு மாதம் அப்படியே கிடக்க விட்டுத்தான் கல் பாவ அனுமதித்தார். கற்களை இடைவெளியே தெரியாமல் சேர்த்துப் பாவி, உமியும் தேங்காயெண்ணெயும் போட்டுத் தேய்த்து அழுக்கெடுத்தார்கள். ஆசிட் ஊற்றக் கூடாது என்று வீட்டில் இருந்த அத்தனை பெண்களையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார். சிமெண்டு முகத்தை அது அரித்துவிடும். தினமும் ஈரத்துணியால் துடைத்து வருகிறோம், துடைக்கத் துடைக்கப் பளபளப்பு ஏறிக்கொண்டேதான் இருக்கிறது.

கதவு, ஜன்னலுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய தேக்கு பார்க்கப் போனோம். அங்கே அடுக்கி வைத்திருக்கும் நிலைகளும் தூண்களும் ஒவ்வொன்றும் எங்கோ பிரிக்கப்பட்ட ஒரு வீட்டினுடையவை என்ற நினைப்பு எனக்கு ஆறவே இல்லை. லட்சுமி உருவம் செதுக்கிய ஒரு நிலை விலைக்கு இருந்தது. யார் வீட்டுக் குலவிளக்கோ என்று அதை விட்டுவிட்டு, வேலைப்பாடில்லாத ஒரு கதவும் நான்கு ஜன்னல்களும் மட்டும் எடுத்தோம். பழைய மரம் வாங்குகிறவர்கள் நிலையின் அடிப்பாகத்தைக் கரையானுக்காகக் குத்திப் பார்ப்பதும், உயரத்தை அளந்துகொள்வதும் நல்லது. அந்தக் காலத்துக் கதவுகள் பல, குனிந்து நுழைகிற உயரத்தில்தான் இருக்கின்றன.

இனி குறைகள். வேலை நடுவில் ஒரு கோயில் திருப்பணிக்குக் கும்பாபிஷேக நாள் குறித்துவிட்டார்கள் என்று குழு முழுவதும் மூன்று வாரம் வரவில்லை. முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. அந்த நேரத்தில் பெய்த கோடை மழையில் ஒதுக்குப்புறமாக அடுக்கியிருந்த 14 மூட்டை சிமெண்டு நனைந்து கட்டிதட்டிப் போயிற்று. கோயில் வேலையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, ஆனால் சொல்லியிருந்தால் மூட்டைகளை உள்ளே ஏற்றியிருப்போம். இரண்டாவது குளியலறையின் தரை வாட்டம் கதவுப் பக்கம் போய்விட்டது. பெயர்த்து மறுபடி போட்டார்கள், கூலி வாங்கவில்லை. கல் செலவு எங்களுடையது. கணக்கெழுதும் பழக்கம் அவருக்கு இல்லை. சனிக்கிழமை வாரக்கூலி கொடுக்கும்போது எத்தனை ஆள், எத்தனை நாள் என்று நான் வைத்திருந்த நோட்டுதான் இரு தரப்புக்கும் ஆதாரம். நீங்களும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாமான்கள் நாங்கள் வாங்கிக் கொடுத்து, கூலி மட்டும் சதுர அடிக் கணக்கில் பேசினோம். பழைய சுவரைத் திறந்ததும் சுருக்கித் தளமும் அதில் சேராமல் நாள்கூலிக்கு. ஆறு மாதம், 24 லட்சம் என்று தொடங்கியது ஒன்பது மாதத்தில் 28 லட்சத்துக்கு மேல் போய் முடிந்தது. வடகிழக்கு மூலை, செம்புத் தகடு, கைவேலைக் கல் ஆகிய மூன்றும்தான் அந்தக் கூடுதல் செலவில் பெரும்பகுதியை விழுங்கின. முதல் இரண்டில் மிச்சம் பிடித்திருந்தால் இந்த மதிப்புரையை வேறு மாதிரி எழுத வேண்டி வந்திருக்கும்.

மழை விட்ட கார்த்திகையில் யாரும் கூப்பிடாமலே ஒருநாள் மேஸ்திரி வந்தார். நடைக்குள் போய், சுவர் ஓர இடைவெளியின் பட்டிகையைக் கழற்றி, டார்ச் அடித்து, மேலும் கீழும் ஒரு தீக்குச்சியைச் செருகிப் பார்த்தார். கீழே தீக்குச்சி பழையபடி நின்றது. மேலே ஒரு நூல் அளவு தளர்ந்திருந்தது. அமர ஆரம்பித்துவிட்டது, அடுத்த மழைக்கும் இப்படி இன்னும் கொஞ்சம் அமரும் என்று சொல்லிவிட்டு, சுவர்களில் வேறெங்கும் கீறல் இருக்கிறதா என்று விளக்கைப் பிடித்துக்கொண்டு அறை அறையாகப் போய் வந்தார். எங்கும் இல்லை. மேற்குச் சுவரின் அந்தச் சிமெண்டுப் பூச்சை முழுவதுமாகக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பு பூசும் வேலையையும் அவரிடமே கொடுத்திருக்கிறோம். தை பிறந்ததும் வருகிறார். சுண்ணாம்பை இப்போதே தொட்டியில் ஊறப்போட்டாயிற்று.