புகையா, வாளியா, பக்டீரியாவா? கொழும்பில் டெங்குக்குப் போகும் காசு

தோட்டக் குடியிருப்பிலோ தொடர்மாடியிலோ டெங்குக்கென்று காசு சேர்த்தால், முதலில் எல்லோரும் கேட்பது புகையைத்தான். சத்தம் கேட்கும், வேலை நடந்த மாதிரியும் இருக்கும். ஆனால் புகை கொல்வது அந்நேரம் பறக்கும் நுளம்பை. அலுமாரிக்குப் பின்னால் ஒதுங்கியது தப்பிவிடும், தண்ணீரிலுள்ள குடம்பிக்கு (நுளம்பின் புழுவுக்கு) ஒன்றும் ஆகாது. முட்டை நுளம்பாக 7 முதல் 10 நாள் போதும் என்பதால் அடுத்த வாரமே புதியது வரும். நோயாளி இருக்கும் வீட்டைச் சுற்றி வைரஸ் சுமக்கும் நுளம்பை உடனே குறைக்கப் புகை வேண்டும்தான். அதையும் நுளம்பு கடிக்கும் காலை, மாலை வேளையில், கதவு ஜன்னலைத் திறந்துவைத்து அடிக்க வேண்டும். மாதாமாதம் அடிப்பது காசை ஊதிவிடுவது.

மாதமொரு சிரமதானத்திலும் இதே கோளாறு: இடையில் புது நுளம்பு வந்துவிடும். வாரமொருமுறை பார்த்தால்தான் பலன். கூரைப் பீலி, பூச்சாடித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்தட்டு, டயர், சிரட்டை, யோகட் கப், மூடாத தாங்கி, கட்டட வேலைத்தளத்தின் லிஃப்ட் குழி. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் மழை பட்டால் பொரிக்கும். பிரஷால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

இதற்குச் செலவில்லை என்பார்கள். 50 வீட்டில் வாரம் 15 நிமிடம் என்றால் பன்னிரண்டரை மணி நேர உழைப்பு. இரண்டு மாதத்தில் ஆர்வம் வடிந்துவிடும். புகைக்குக் கொடுக்கும் காசில் ஒருவருக்கு வாரம் ஒரு நாள் கூலி கொடுத்து வீடு வீடாகப் பார்க்க வைப்பதே எங்கள் தெரிவு. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு அவராலும் போக முடியாது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் அங்கேதான் உதவும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) சொல்லுங்கள்.

கொட்ட முடியாத நீருக்கு டெமிபொஸ் என்ற குடம்பி கொல்லி மருந்து: 1 சதவீதக் குருணை 100 லீட்டருக்கு 10 கிராம். தண்ணீர் அடிக்கடி மாறும் தாங்கியில் வீரியம் சீக்கிரம் குறையும். பி.டி.ஐ. பக்டீரியா மருந்தும் உண்டு. குடம்பி அதைத் தின்றால்தான் சாகும். கூட்டுப்புழு தின்னாது, ஆகவே பிந்திப் போட்டால் வீண்.

கொழும்பு மாவட்டத்தில் 2012இல் டெங்குக் கட்டுப்பாட்டுக்குப் பொதுச் சுகாதாரத்துறை செலவழித்தது தலைக்கு 0.42 டொலர், அதில் 79 சதவீதம் ஆளணிக்கு. 200 பேர் வாழும் தோட்டத்துக்கு அது வருடம் 84 டொலர். வளர்ந்தவர் ஒருவரை வைத்தியசாலையில் வைத்துப் பார்க்கச் சராசரியாக 196 முதல் 866 டொலர் வரை போனது. அரசாங்க ஆஸ்பத்திரியில் பில் வராததால் இந்தக் கணக்கு நம் கண்ணில் படுவதில்லை. இழந்த நாள் சம்பளம் வேறு.

வொல்பாக்கியா என்பது நுளம்பின் உடலில் இருந்து டெங்கு வைரஸ் பெருகாமல் தடுக்கும் பக்டீரியா. அது தோட்டச் சங்கம் வாங்கும் சாமான் அல்ல. அந்தப் பக்டீரியா உள்ள நுளம்பை வளர்த்து, மாதக்கணக்கில் வாராவாரம் விட்டு, எவ்வளவு பரவியது என்று பிடித்துப் பரிசோதிக்க வேண்டும். செலவெல்லாம் தொடக்கத்தில்தான், பிறகு முட்டை வழியே தானாகப் பரவும். இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் நடந்த ஆய்வில், விடாத பகுதிகளைவிட விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைவாக இருந்தது. நுகேகொடையிலும் விட்டிருக்கிறார்கள். விடும் மாதங்களில் சங்கம் புகையடித்தால், காசு கொடுத்து வளர்த்த நுளம்பும் சேர்ந்து சாகும். நாள் குறிக்குமுன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டுக்கொள்ளுங்கள்.