கடைசியில் வருபவர் முன்னால் நடக்கட்டும்: நண்பர்களோடு மலையேற மூன்று வழிகள்

நண்பர்களாகச் சேர்ந்து மலையேற முடிவெடுத்தால் எந்த மலை, எந்த ஷூ, எவ்வளவு பெரிய பை என்று நாள்கணக்கில் பேசுவோம். யார் எந்த வேகத்தில் நடப்பது என்று மட்டும் பேச மாட்டோம். கிளம்பிய அரை மணி நேரத்தில் அது தானாகவே முடிவாகிவிடும். காலில் தெம்புள்ள இரண்டு பேர் முன்னால், கதை பேசுபவர்கள் நடுவில், ஒருவர் மட்டும் எல்லோருக்கும் பின்னால்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. அவரவர் வேகத்தில் ஏறி, சொல்லிவைத்த இடங்களில் சேர்ந்துகொள்ளலாம். மெதுவாக நடப்பவரின் வேகத்துக்கு எல்லோரும் ஒரே வரிசையில் போகலாம். அல்லது இரண்டு சின்னக் குழுக்களாகப் பிரியலாம். மூன்றையும் செய்து பார்த்திருக்கிறேன்.

முதல் வழிதான் பலருக்கும் பிடித்தது. அதற்குக் காரணமும் இருக்கிறது. தனக்கு வாகான வேகத்தில் நடப்பவருக்குக் களைப்பு குறைவு. அடிக்கடி நின்று நின்று போனால் கால் இறுகிவிடும். உயரம் கூடக் கூடக் குளிரும் கூடும். 1,000 மீட்டருக்கு வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. வியர்த்த உடம்போடு காற்றில் காத்து நிற்பது சுகமான வேலை இல்லை. பாதை அகலமாக, கிளை பிரியாமல், ஆள் நடமாட்டத்தோடு இருந்தால் இப்படிப் போவதில் தவறே கிடையாது.

ஆனால் இதில் ஓர் அநியாயம் இருக்கிறது, முன்னால் போகிறவர் கண்ணுக்கு அது தெரியாது. முதலில் வந்தவர்கள் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பார்கள். கடைசி ஆள் மூச்சு வாங்க வந்து சேரும்போது அவர்கள் ஓய்வெடுத்து முடித்திருப்பார்கள். ஒரு பயணத்தில் நான்காவது நிறுத்தத்தில் எங்கள் நண்பன் ஒருவன் வந்து, பாறையில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து நின்றான். நாங்கள் ஏற்கெனவே பையை மாட்டிக்கொண்டிருந்தோம். "வந்துட்டியா, சரி, கிளம்பலாமா?" என்று கேட்டது நான்தான். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தவன் குடிக்காமலே மூடினான். அன்று அவனுக்கு ஒரு நிறுத்தம்கூடக் கிடைக்கவில்லை. இருப்பவர்களிலேயே அதிகம் களைத்தவருக்குத்தான் ஓய்வே இல்லை என்றால் அந்த ஏற்பாட்டில் ஏதோ கோளாறு.

2,500 மீட்டருக்கு மேலே போனால் இது வெறும் நியாயம் அநியாயம் பற்றிய பேச்சாக இருக்காது. அந்த உயரத்திலிருந்து மலைநோய் வரலாம். தலைவலி, குமட்டல், சோர்வு என்று தொடங்கும். நல்ல உடற்பயிற்சி உள்ளவரையும் அது விடாது. முற்றினால் நடை தள்ளாடும், பேச்சு குழறும். தனக்கு அப்படி ஆகிறது என்பது பாதிக்கப்பட்டவருக்கே புரியாமல் போகலாம். பக்கத்தில் நடக்கும் நண்பன்தான் கவனிக்க வேண்டும். இருநூறு மீட்டர் முன்னால் போய்விட்டவன் எதைக் கவனிப்பான்?

அதனால்தான் என் ஓட்டு இரண்டாவது வழிக்கு. வழி தெரிந்தவர் முதலில், மெதுவாக நடப்பவர் அவருக்கு அடுத்து, நல்ல தெம்புள்ளவர் எல்லோருக்கும் கடைசியில். பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்று பாருங்கள். ஒரு முழு வாக்கியத்தை மூச்சிரைக்காமல் சொல்ல முடியவில்லை என்றால் வேகம் அதிகம். வேகமாக நடப்பவர்களுக்குச் சலிப்பு வரும்தான். அதற்கு நல்ல மருந்து சுமை. மெதுவானவரின் பையிலிருந்து தண்ணீர், கனமான துணி இரண்டையும் எடுத்து அவர்கள் பைக்கு மாற்றுங்கள், வித்தியாசம் பாதியாகிவிடும். அடுத்த முறை அதே நண்பனை இரண்டாவது ஆளாக நடக்கவிட்டோம். நாங்கள் பயந்த அளவுக்குத் தாமதம் ஆகவே இல்லை. நீண்ட நிறுத்தங்கள் தேவைப்படாததுதான் காரணம்.

இந்த வழியில் உண்மையான சிக்கல் நேரம்தான். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-ல் சொன்ன கணக்கு இன்றும் உதவும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். 10 கிலோமீட்டர் தூரம், 600 மீட்டர் ஏற்றம் என்றால் மூன்று மணி நேரம். நல்ல தெம்புள்ளவர் நிற்காமல் நடந்தால் ஆகும் நேரம் அது. நண்பர்கள் கூட்டத்துக்கு நான் எப்போதும் அதில் பாதியைக் கூட்டிக்கொள்வேன். அந்தக் கணக்குப்படி இருட்டுவதற்குள் திரும்ப முடியாது என்றால் சின்ன மலையாகத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாவது வழி, இரண்டு குழுவாகப் பிரிவது. ஆள் அதிகம், வேக வித்தியாசமும் மிக அதிகம் என்றால் இதுவே சரி. ஒரு குழுவுக்கு மூன்று பேராவது வேண்டும். ஒருவருக்கு அடிபட்டால் துணைக்கு ஒருவர் இருக்க, மற்றவர் உதவி தேடிப் போகலாம். இரண்டு குழுவிலும் வழி தெரிந்தவர், டார்ச், முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும். பிரிவதை அடிவாரத்திலேயே முடிவு செய்யுங்கள். 1953 எவரெஸ்ட் பயணத்தில் இணை இணையாக உச்சிக்கு அனுப்புவது முன்பே போட்ட திட்டம். மே 26-ல் முதல் இணையான போர்டில்லனும் எவான்ஸும் தெற்கு முகடு வரை போய், உச்சிக்குச் சுமார் நூறு மீட்டரே மிச்சம் இருக்கும்போது திரும்பினார்கள். மூன்று நாள் கழித்து ஹிலாரியும் டென்சிங்கும் உச்சியைத் தொட்டார்கள். பாதி வழியில் கோபித்துக்கொண்டு "நீங்க வாங்க, நாங்க போறோம்" என்று பிரிவது வேறு, இது வேறு.

இறங்கும்போது எந்தத் தேர்வும் வேண்டாம், எல்லோரும் சேர்ந்தே இறங்குங்கள். கால் தளர்ந்திருக்கும், வெளிச்சம் குறைந்திருக்கும், மேலே இருப்பவர் தட்டிவிடும் கல் கீழே இருப்பவர் மேல் விழும். 1865 ஜூலை 14 அன்று ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மேட்டர்ஹார்ன் உச்சியை முதன்முதலாக எட்டிய ஏழு பேரில் நான்கு பேர் இறந்தது இறங்கும் வழியில்தான். அனுபவம் குறைந்த ஹாடோ என்ற 19 வயது இளைஞர் சறுக்கி, கயிற்றில் கட்டியிருந்த மூவரையும் இழுத்துக்கொண்டு விழுந்தார். கயிறு அறுந்ததால் மேலே இருந்த மூன்று பேர் பிழைத்தார்கள்.

ஏறும்போது பறந்தவர் முழங்கால் வலியால் இறக்கத்தில் மிக மெதுவாகிவிடுவதும் உண்டு, அதனால் உச்சியில் வரிசையை மறுபடி மாற்றுங்கள். அப்புறம், ஆளுக்கொரு விசில் கழுத்தில் தொங்கட்டும். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதினால் ஆபத்து என்று பொருள். கேட்டவர் மூன்று முறை ஊதிப் பதில் சொல்ல வேண்டும். இதை அடிவாரத்திலேயே எல்லோரையும் ஒரு முறை ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள்.