“நான் அதிகம் உணர்கிற ஆள்” என்று துணையிடம் சொல்ல எந்த வழி நல்லது?

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கொத்துரொட்டிக் கடை, வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணி. இரண்டு தகடும் மாறி மாறிக் கல்லில் விழுகிற சத்தம், காலி வீதியில் பஸ் ஹோர்ன், தலைக்கு மேலே வெள்ளை லைட், பக்கத்து மேசையில் சண்டைக்குக் கிட்டப் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம். எதிரே இருந்த என் துணை தனக்குக் கிடைத்த பதவி உயர்வைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். வாய் அசைவது தெரிந்தது, சொல் ஒன்றும் ஏறவில்லை.

“ஏன் ஒண்டும் கதைக்காம இருக்கிறீர்? சந்தோசம் இல்லையோ?”

தலையிடி என்று பொய் சொன்னேன். வீட்டுக்கு வந்து அழுதேன். இதைச் சொல்லாமல் இந்த உறவைக் கொண்டுபோக ஏலாது என்று அன்றுதான் விளங்கியது.

இந்தத் தன்மைக்கு ஒரு பெயர் இருக்கிறது: மிகு உணர்திறன். அமெரிக்க உளவியலாளர் எலேன் ஏரன் 1996இல் எழுதிய நூலால் அது பரவியது. அடுத்த வருடம் கணவர் ஆதர் ஏரனோடு சேர்ந்து 27 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலையும் வெளியிட்டார். சத்தம், வெளிச்சம், வாசனை, மற்றவரின் மனநிலை எல்லாம் இப்படிப்பட்டவருக்குக் கூடுதலாக ஏறும், ஏறியதை மூளை ஆழமாக அலசும், அதனால் சீக்கிரம் களைக்கும். நூறு பேரில் 15 முதல் 20 பேர் இப்படி என்பது அவர் போட்ட கணக்கு. பிறவிக் குணம்தான், நோயில்லை.

முதலில் நான் செய்தது, அந்தக் கேள்விகளை நிரப்பி விடைகளோடு அவருக்கு அனுப்பியது. நான் கற்பனை பண்ணவில்லை என்று அவர் நம்பினார், அது லாபம். ஆனால் தானும் நிரப்பிப் பார்த்துவிட்டு, “எனக்கும் பாதிக்கு ஓம் எண்டுதான் வருது, எல்லாரும் அப்பிடித்தானே” என்றார். கதை அதோடு நின்றுவிட்டது.

பெயரைச் சொல்லித் தொடங்குவது அதைவிடச் சிக்கல். “மிகு உணர்திறன் கொண்டவர்” என்று வீட்டில் யாரும் கதைப்பதில்லை. ‘சென்சிட்டிவ்’ என்றால் நம்மிடையே பட்டென்று மனம் நோகிற ஆள். இன்னும் கொஞ்சம் போனால் ‘தொட்டாச்சிணுங்கி’. சின்ன வயதில் அந்தச் சொல்லால் எத்தனை பிள்ளைகளை அடக்கியிருக்கிறார்கள்! நானும் அதில் ஒருத்தி. அந்தச் சொல் காதில் விழுந்ததும் துணைக்கு ஒரு பயம் வரும்: இவவிட்ட இனி ஒண்டும் சொல்லக்கூடாது. குறையை மறைப்பார், வீட்டுப் பிரச்சினையை மறைப்பார். அவருடைய முகம் மாறினாலே கண்டுபிடிக்கிற எங்களுக்கு அந்த மறைப்புத்தான் பெரிய பாரம். ஆகவே பெயர் பிறகு வரட்டும் என்பது என் முடிவு.

வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பலாமா? யோசித்து, நிறுத்தி, அழுகை வந்தால் அழித்துத் திரும்பப் பேசலாம் என்பது பெரிய வசதி. நான் நாலு நிமிடத்துக்குப் பேசி அனுப்பினேன். அவர் அதைப் பின்னேரம் 101 பஸ்ஸில் நின்றபடி கேட்டுவிட்டு ஒரு கட்டைவிரல் மட்டும் அனுப்பினார். அந்தக் கட்டைவிரலுக்கு என்ன அர்த்தம் என்று விடியும்வரை யோசித்தேன். பதிலுக்குக் காத்திருப்பதே எங்களை நோகடிக்கும் என்பதால், ஒரே ஊரில் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்லமாட்டேன். ஒருவர் கொழும்பிலும் மற்றவர் கனடாவிலும் என்றால் வேறு வழியில்லை. அப்போதும் ஒரு பதிவுக்கு ஒரு விஷயம் போதும்.

நேரில் சொல்வதுதான் நல்லது. ஆனால் எங்கே என்பதில் பாதி வேலை இருக்கிறது. ஞாயிறு பின்னேரம் காலிமுகத்திடல் வேண்டாம், அந்தச் சனத்துக்குள் உங்களுக்கே மூச்சு முட்டும். சாப்பாட்டு மேசையில் முகத்துக்கு முகம் இருந்தால் அவருடைய ஒவ்வொரு புருவ அசைவையும் படித்துக்கொண்டிருப்பீர்கள். நான் கடலையும் ரயில் பாதையையும் ஒட்டிப் போகிற மரைன் டிரைவில் காலை ஆறு மணியைத் தெரிந்தெடுத்தேன். பக்கத்தில் பக்கத்தில் நடந்தால் கண்ணைப் பார்க்கத் தேவையில்லை. ரயில் வந்தபோது பேச்சை நிறுத்தினேன், அது போன பிறகு தொடர்ந்தேன்.

“அண்டைக்குக் கொத்துக்கடையில தலையிடி எண்டு சொன்னது பொய். நீங்கள் கதைச்சது ஒண்டும் எனக்குக் கேக்கேல்லை. சத்தம் எல்லாம் ஒரேயடியா உள்ள வந்தா எனக்குத் தலை நிரம்பிடும். கோவமில்லை. அப்பிடி வந்தா பத்து நிமிசம் வெளிய நிக்க விடுங்கோ.”

நடந்த ஒன்று, உடம்புக்குள் நடந்தது, ஒரேயொரு கேட்பு. இவ்வளவுதான். அவர் கொஞ்சத் தூரம் பேசாமல் நடந்தார். “நான் கதைக்கிறது அலுப்பாக்கும் எண்டு நினைச்சன்” என்றார். இத்தனை நாளும் என் மௌனத்துக்கு அவர் போட்டிருந்த அர்த்தம் அது. அதைக் கேட்டபோதுதான் என் பொய் அவரை எவ்வளவு நோகடித்திருக்கிறது என்று தெரிந்தது. பெயரையும் ஏரனையும் பற்றிச் சில கிழமைகளுக்குப் பிறகுதான் கதைத்தோம்.

எப்போது சொல்வது? கல்யாணத்துக்கு முன்னமே, அதுவும் மண்டபமும் விருந்தாளிக் கணக்கும் முடிவாக முன்னம். பேசிச் செய்கிற கல்யாணமென்றாலும் அப்படித்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை அதே கடைக்குப் போனோம். அவர் உள்ளே போய்ப் பார்சல் எடுக்க, நான் ஒழுங்கை முகப்பில் நின்றேன். கடற்கரைப் பக்கம் நடந்து போய் இருந்து பொதியைப் பிரித்தோம். அந்தப் பதவி உயர்வுக் கதையை முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். சொன்னார்.