இரட்டை அச்சு டிரெய்லருடன் ஆறு ஆண்டுகள்: மேரிலாந்திலிருந்து ஓர் அனுபவப் பகிர்வு

2019 ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் என் கணவரும் நானும் ஒரு டிராவல் டிரெய்லரை, அதாவது வண்டியின் பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் சிறு வீட்டை, வாங்கினோம். முன்கொக்கியிலிருந்து பின் பம்பர் வரை 22 அடி நீளம், இரட்டை அச்சு, சாமான்களும் தண்ணீரும் உட்பட 5,000 பவுண்டு வரை அனுமதிக்கப்பட்ட எடை. உள்ளே இருவர் படுக்கும் கட்டில், சாப்பாட்டு மேசை, இரண்டு பர்னர் அடுப்பு, ஃபிரிட்ஜ், சிறு குளியலறை, கூரையில் ஒரு ஏசி. மேரிலாந்தில் வசிக்கும் எங்களுக்கு ஒரு பக்கம் அட்லாண்டிக் கடற்கரையும் மறுபக்கம் வர்ஜீனியாவின் மலைகளும் அரை நாள் தூரத்தில் இருப்பதால், ஒவ்வொரு ஆண்டும் வசந்தத்திலிருந்து இலை உதிரும் காலம் வரை இதை ஓய்வின்றிப் பயன்படுத்தி வருகிறோம். தினமும் ஊர் மாறிக்கொண்டே போக விரும்புகிறவர்களுக்கு டிரெய்லர் ஒத்துவராது. ஓரிடத்தில் நான்கைந்து நாள் தங்க விரும்புகிற தம்பதிக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் கண்டதில்லை. வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன், தினமும் ஊர் மாறுவோமா, ஓரிடத்தில் தங்குவோமா என்ற கேள்வியைத்தான் தங்களுக்குள் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

முதலில் எடைக் கணக்கு. இழுக்கும் வண்டியின் விளம்பரத்தில் 7,000 பவுண்டு இழுக்கும் என்று போட்டிருப்பதை வைத்துப் பலர் டிரெய்லரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உண்மையில் கையைக் கட்டுவது அந்த எண்ணன்று. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் பட்டை கொண்ட சீட்டில், ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எவ்வளவு எடைக்கு மேல் போகக்கூடாது என்று அச்சிட்டிருக்கும் எண்தான். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை கொக்கியின் மேல் அமர வேண்டும், அதற்குக் குறைந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் டிரெய்லர் பாம்புபோல நெளியத் தொடங்கும். எங்களுடைய 5,000 பவுண்டு வண்டி கொக்கியில் ஏறக்குறைய 600 பவுண்டு வைக்கிறது. அந்த 600, நாங்கள் இருவர், பின்பெட்டியில் வைக்கும் விறகு அடுப்பு, நாற்காலிகள், மிதிவண்டிகள் என்று கூட்டினால் சீட்டில் உள்ள எண் வேகமாகக் கரைந்துவிடுகிறது. எடையை இழுக்கும் வண்டியின் முன் அச்சுக்கும் பகிர்ந்து தரும் ஹிட்ச் என்ற கொக்கி அமைப்பு, ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு, டிரெய்லர் பிரேக்கை இயக்கும் கன்ட்ரோலர் ஆகிய மூன்றும் இல்லாமல் இந்த அளவு வண்டியைச் சாலையில் இறக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. சாமான்களை ஏற்றிய பிறகு நெடுஞ்சாலை லாரி நிறுத்தத்தில் உள்ள எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிட்டால், ஊகத்துக்கு இடமில்லாமல் மனம் நிம்மதியாகிவிடும்.

எரிபொருள் செலவு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இழுக்கும் வண்டி தனியாக ஓடும்போது கேலனுக்கு 23 மைல் தருவது, டிரெய்லரைக் கட்டினால் 12 மைலுக்கு இறங்குகிறது. டிரெய்லருக்கென்று வரும் டயர்களில் பல மணிக்கு 65 மைலுக்கே தரம் குறிக்கப்பட்டவை என்பதால் நாங்கள் 60-ஐத் தாண்டுவதில்லை.

பாதையைத் தேர்ந்தெடுப்பது தனிக் கலை. பால்டிமோர் துறைமுகத்தின் அடியில் செல்லும் இரண்டு சுரங்கப் பாதைகளிலும் 10 பவுண்டுக்கு மேற்பட்ட புரோப்பேன் எரிவாயு உருளையோடு செல்ல அனுமதியில்லை. எங்கள் டிரெய்லரின் முன்னால் நிற்பவையோ 20 பவுண்டு உருளைகள் இரண்டு. 2024 மார்ச் 26 அன்று சரக்குக் கப்பல் மோதி ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் விழும் வரை, எங்களைப் போன்றவர்கள் வடக்கே செல்ல அந்தப் பாலம் இருந்தது. அதற்குப் பிறகு நகரத்தின் மேற்குப் பக்கமாக 695 சுற்றுச்சாலையில்தான் சுற்றிப் போகிறோம், அலுவலக நேரத்தில் அந்தச் சாலையில் டிரெய்லருடன் தடம் மாறுவது எளிதன்று. கிழக்கே கடற்கரைக்குப் போக செசபீக் விரிகுடாப் பாலத்தைக் கடந்தாக வேண்டும். 1952 இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் நான்கு மைலுக்கு மேல் நீளமானது. நடுவில் கடல்மட்டத்திலிருந்து 180 அடிக்கு மேல் உயரும். அந்த உச்சியில் பக்கக்காற்று டிரெய்லரின் சுவரில் அடிக்கும்போது ஸ்டியரிங்கில் அது மெல்லிய இழுப்பாக முதலில் தெரியும், பிறகுதான் கண்ணாடியில் டிரெய்லர் சற்றே விலகுவது தெரியும். அப்போது பிரேக்கை அழுத்தாமல், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருக்க வேண்டும். காற்று வலுத்தால் இத்தகைய வண்டிகளுக்குக் கட்டுப்பாடு விதிப்பார்கள் என்பதால், புறப்படும் காலையில் பாலத்தின் காற்று நிலவரத்தைப் பார்க்காமல் நாங்கள் கிளம்புவதில்லை.

அந்தப் பாலத்துக்கு அப்பால் இருக்கும் அசட்டீக் தீவு எங்களுக்கு மிகவும் பிடித்த இடம். 1965 இல் தேசியக் கடற்கரையாக அறிவிக்கப்பட்ட அத்தீவில் குதிரைகள் கட்டுப்பாடின்றித் திரிகின்றன. அவற்றிலிருந்து குறைந்தது 40 அடி தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. மனிதர்கள் விதியைப் பின்பற்றினாலும் குதிரைகள் பின்பற்றுவதில்லை என்பதால், உணவு எதையும் வெளி மேசையில் வைத்துவிட்டு உள்ளே போகக்கூடாது. மணல் மேட்டுக்குப் பின்னால் உள்ள முகாமில் மின்சாரமோ தண்ணீர் இணைப்போ கிடையாது. இரவில் அலையோசை கேட்டபடி, ஈரக் காற்று படாமல், நம்முடைய சொந்தப் படுக்கையில் படுக்க முடிவது கூடாரத்தில் கிடைக்காத சுகம். ஜூலையில் மட்டும் அங்கே போகவேண்டாம், கொசு உட்காரவிடாது. அக்டோபர் அதற்கு ஏற்ற மாதம்.

மலைப் பக்கம் ஷெனண்டோவா தேசியப் பூங்காவின் 105 மைல் ஸ்கைலைன் சாலையும், அதன் நடுவில் உள்ள பிக் மெடோஸ் முகாமும் எங்கள் வழக்கமான இடங்கள். அங்கே வழியில் வரும் மேரிஸ் ராக் சுரங்கத்தின் உயரம் 12 அடி 8 அங்குலம். ஏசி உட்பட எங்கள் வண்டி 10 அடிதான். சாலை முழுவதும் 35 மைல் வேகவரம்பு என்பது டிரெய்லர் இழுப்பவர்களுக்குச் சாதகமானது. பள்ளத்தாக்கைவிட ஏறக்குறைய 10 டிகிரி ஃபாரன்ஹீட் குளிர்ச்சியாக இருக்கும் அந்த மேட்டில், மின்இணைப்பு இல்லாத இரவுகளில்தான் பேட்டரியின் உண்மையான தரம் தெரிந்தது. ஹீட்டர் எரிவது புரோப்பேனில் என்றாலும், அதன் விசிறி ஓடுவது 12 வோல்ட் மின்சாரத்தில். வண்டியோடு வந்த ஈய-அமில பேட்டரியின் கொள்ளளவில் பாதியைத்தான் கேடில்லாமல் பயன்படுத்த முடியும் என்பதால், விடியற்காலையில் விசிறியின் சத்தம் தளர்ந்துபோகும். பிறகு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்கு மாறினோம். எடை பாதிக்கும் குறைவு; கொள்ளளவில் பெரும்பகுதியையும் எடுக்கலாம். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது என்ற ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. அதனால் அதைக் கட்டிலின் அடியில், வெப்பம் படும் இடத்தில் வைத்திருக்கிறோம். இந்த ஆறு ஆண்டுகளில் செய்த மாற்றங்களில் செலவுக்குரிய பயனை முழுமையாகத் தந்தது இதுவே.

சமையலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் சமையல் செய்கிறவர்களுக்கு இங்குள்ள மதிப்புரைகளில் வழிகாட்டல் கிடைப்பதில்லை. மின்இணைப்பு உள்ள முகாமில் 30 ஆம்பியர், 120 வோல்ட், அதாவது 3,600 வாட் கிடைக்கும். ஏசி ஏறக்குறைய 1,500 வாட் எடுக்கும். இண்டக்ஷன் அடுப்பு முழுச் சூட்டில் 1,800 வாட். வெந்நீர்க் கலன் மின்சாரத்தில் ஓடினால் இன்னொரு 1,400. மூன்றையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். எனவே இட்லி வேகும் பதினைந்து நிமிடம் வெந்நீரைப் புரோப்பேனுக்கு மாற்றிவிடுவது எங்கள் பழக்கம். தாளிப்பதும் தோசை சுடுவதும் எப்போதும் வெளியில், வெய்யில் மறைப்புக்குக் கீழே உள்ள மடக்கு மேசையில்தான். உள்ளே தாளித்தால் மிளகாய் நெடி மெத்தையிலும் திரைச்சீலையிலும் நாள்கணக்கில் தங்கும், புகை எச்சரிக்கைக் கருவியும் அலறும். அரைத்த மாவை வீட்டிலேயே புளிக்கவைத்து எடுத்துப் போகிறோம். வாயுவிலும் மின்சாரத்திலும் ஓடும் இந்த ஃபிரிட்ஜ் குளிர்வதற்குப் பல மணிநேரம் ஆகும், வண்டி சமமாக நிற்காவிட்டால் சரியாக வேலை செய்யாது. முதல்நாள் இரவே போட்டுவிட்டு, ஏற்கெனவே குளிர்ந்த பொருள்களை மட்டும் உள்ளே வைத்தால் மாவு நான்கு நாள் பொங்காமல் இருக்கும்.

முகாமில் வண்டியைப் பின்னோக்கி நிறுத்துவதுதான் தம்பதியரின் பொறுமையைச் சோதிக்கும் வேலை என்று எல்லோரும் சொல்வார்கள். அதற்கு எளிய வழி உண்டு. இடது, வலது என்ற சொற்களை நாங்கள் விட்டுவிட்டோம். டிரெய்லரின் பின்பக்கம் எந்தத் திசைக்குப் போக வேண்டும் என்பதை "ஓட்டுநர் பக்கம்", "பயணி பக்கம்" என்று மட்டும் கைப்பேசியில் சொல்கிறோம். "பயணி பக்கம் இன்னும் கொஞ்சம்ங்க... போதும், நிறுத்துங்க" என்பதற்கு மேல் பேச்சில்லை. நான் ஓட்டும்போது அவர் அதே முறையில் சொல்கிறார். நிறுத்திய பிறகு சமப்படுத்துவது, சக்கரத்துக்குக் கட்டை வைப்பது, டிரெய்லரின் தாங்குகால்களை இறக்குவது, குழாய்களை இணைப்பது என்று முக்கால் மணிநேரம் போகும். கிளம்பும்போது கழிவுத் தொட்டிகளைக் காலி செய்வதையும் சேர்த்து இன்னொரு மணிநேரம். கழிப்பறைத் தொட்டியை முதலில் திறந்து, சமையல் நீர்த் தொட்டியைப் பிறகு திறந்தால் குழாய் தானே கழுவப்பட்டுவிடும், பலர் அஞ்சுகிற அளவுக்கு அது அருவருப்பான வேலையன்று. ஆனால் ஏறக்குறைய இரண்டு மணிநேரம் பிடிக்கும் இந்த வேலைக்குத் தினமும் நேரத்தைச் செலவழித்துப் பாருங்கள், பயணமே வேலையாகிவிடும். நான்கு நாளுக்கு ஒருமுறை என்றால் அது பொருட்டே இல்லை.

குறைகளில் பெரியது ஒழுகல். இரண்டாம் ஆண்டு மழைக்காலத்தில் கட்டிலுக்கு மேலிருந்த ஜன்னலின் கீழ்ச்சுவர் விரலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்கியது. கூரையும் முன்சுவரும் சேரும் விளிம்பில் நீர் புகாமலிருக்கத் தொழிற்சாலையில் பூசிய சீலன்ட் ஓரிடத்தில் விட்டுப்போயிருந்தது. ஓராண்டு உத்தரவாதம் அப்போது முடிந்திருந்தது. பழுதுபார்க்கும் கடையில் வண்டி பல வாரங்கள் நின்றது, பெருந்தொகையும் செலவானது. ஒட்டுப்பலகைச் சுவர் கொண்ட எந்த டிரெய்லருக்கும் நீர்தான் முதல் எதிரி. வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு இணைப்பையும் பார்த்து, வெடித்த இடத்தில் புதிதாகப் பூசுவதை இப்போது நாங்களே செய்கிறோம். ஈரப்பதத்தை அளக்கும் சிறு கருவியும் வாங்கி வைத்திருக்கிறோம். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் அதைக் கையில் கொண்டுபோய் மூலைகளிலும் ஜன்னல் ஓரங்களிலும் வைத்துப் பார்ப்பது நல்லது.

பணம் மிச்சமாகும் என்று நினைத்து இதில் இறங்கக்கூடாது. எங்கள் குடியிருப்புச் சங்கம் வீட்டு வாசலில் டிரெய்லர் நிறுத்த அனுமதிப்பதில்லை, ஆகவே மாத வாடகைக்கு ஒரு நிறுத்துமிடம். அதோடு காப்பீடு, டயர், பேரிங் கிரீஸ், உறைபனிக்கு முன் குழாய்களில் இளஞ்சிவப்பு ஆன்டிஃபிரீஸ் நிரப்புவது எல்லாம் உண்டு. டிரெய்லர் டயர் தேய்ந்துதான் கெடும் என்பதில்லை, ஐந்தாறு ஆண்டுகளில் வெய்யிலில் நின்றே கெட்டுவிடும். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண் எந்த வாரம், எந்த ஆண்டு தயாரானது என்பதைச் சொல்லும். ஒரே சலுகை, என் கணவருக்கு 62 வயது கடந்ததால் 80 டாலருக்கு வாங்கிய வாழ்நாள் பூங்கா அட்டை. கூட்டாட்சிப் பூங்காக்கள் பலவற்றில் முகாம் கட்டணம் அதனால் பாதியாகிறது. இடம் கிடைக்க வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்கு முன்பே, காலை 10 மணிக்கு முன்பதிவு திறக்கும் நேரத்தில் தயாராக இருக்க வேண்டும்.

அடுத்து மாற்றினால் எதை மாற்றுவோம் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நீளத்தை ஓரங்குலம்கூடக் கூட்டமாட்டோம். 22 அடிக்கு மேல் போனால் பழைய பூங்காக்களில் நல்ல மரநிழல் இடங்கள் நமக்குக் கிடைக்காமல் போகும். ஆனால் மூலையில் பொருத்திய கட்டிலுக்குப் பதிலாக இருபுறமும் இறங்க வழியுள்ள கட்டிலைக் கேட்டு வாங்குவோம். இரவில் எழ வேண்டிய வயதில் ஒருவரை ஒருவர் தாண்டி இறங்குவது இருவர் தூக்கத்தையும் கெடுக்கிறது, காலையில் படுக்கை விரிப்பைச் சரிசெய்வதும் பெரும்பாடாக இருக்கிறது.